பத்து மணித் தண்ணீர்

2006 மார்ச், செவ்வாய் இரவு

இன்று நகராட்சி பட்ஜெட் கூட்டம். குடிநீர்த் திட்டக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டுமாம். அதற்காக என் வார்டு காலனிக்கு வரும் லாரித் தண்ணீரில் கைவைத்தார் தலைவர்.

"கடனக் கட்டோணுமில்லீங்களா? உங்களுக்குத்தான் குழாய் போட்டாச்சே," என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "குழாயில காலைல பத்து மணிக்குத் தண்ணி உடறீங்க. அப்ப சனமெல்லாம் பனியன் கம்பெனில இருக்குதுங்க. ஆரு வந்து புடிக்கறது? வேலை முடிஞ்சு ஊட்டுக்கு வந்தப்பறம் உடுங்க. லாரிய நானே வேண்டாங்கறனுங்க."

கவுன்சிலர்களில் பாதிப் பேர் கம்பெனி முதலாளிகள். பத்து மணிக்கு இந்தச் சனம் எங்கே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

"சரீங்க, இன்னைக்கு ராத்திரியே உட்டுப் பாக்கலாம்," என்றார் தலைவர்.

அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டேனோ? லாரியும் போய், எல்லாரும் ஒரே நேரத்தில் பிடிப்பதால் மேட்டு வீடுகளுக்குத் தண்ணீரும் ஏறாவிட்டால்... என் வீடும் மேட்டில்தான்.

வேலை விட்டு வந்தவர்கள் சாப்பிடக்கூட இல்லை. தெரு முழுக்கக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிற்கிறார்கள். கீழ்த்தெருவில் ஒரே சத்தம். அங்கே வந்துவிட்டது போலிருக்கிறது.

எங்கள் குழாயிலும் காற்று சீறுகிறது. பேனாவை வைக்கிறேன், குடம் எடுக்க வேண்டும்.