பேக்கார்ட் பிறந்த ஊரில்

வாரன், ஒஹாயோ
பிப்ரவரி 1957

அன்பு மகள் லோர்னாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. என் முழங்கால் வலியும் அப்படியே. மற்றபடி நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். டென்வரில் குளிர் எப்படி?

புது வீட்டின் படம் கிடைத்தது. வீடு அழகாக இருக்கிறது. ஆனால் கண்ணே, வாசலில் நிற்கும் காரைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு எடுத்திருக்கக் கூடாதா? உன் அப்பா படத்தை வாங்கினார், வீட்டைப் பார்க்கவே இல்லை. "காடிலாக். இந்த வருஷத்து மாடல்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிளிஃபர்ட் மேல் அவருக்குத் தனியாகக் கோபம் எதுவும் கிடையாது, அதை நீ நம்ப வேண்டும். "பையன் தங்கமானவன்தான் வெர்னா. ஆனா விக்கிறதுக்கு உலகத்துல எவ்வளவோ இருக்கு. சோப்பு விக்கலாம், செருப்பு விக்கலாம். நம்ம மாப்பிள்ளைக்குக் காடிலாக்தான் கிடைச்சுதா?" என்கிறார். உன் கல்யாணத்தன்று கேக் வெட்டும் முன்பே அவர் எழுந்து போனதை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவரும் மறக்கவில்லை.

டெட்ராய்ட்டில் பேக்கார்ட் கார்த் தொழிற்சாலையைப் போன கோடையில் மூடியதிலிருந்தே அவர் சரியாக இல்லை. நீ இந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள். இந்த ஊர்க்காரரான பேக்கார்ட் எவனோ செய்த காரை வாங்கி, அது வழியெல்லாம் நின்று நின்று போக, செய்தவனிடமே போய்க் குறை சொன்னார். "அவ்வளவு தெரிஞ்சவன்னா நீயே ஒண்ணு செஞ்சுக்கோ" என்று அவன் சொல்ல, திரும்பி வந்து செய்தே காட்டினார். அந்த முதல் பேக்கார்ட் நம் தெருவில் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக அப்பா சொல்வார். அப்போது அவர் எவ்வளவு சிறு பிள்ளை என்று கணக்குப் பார்த்தால் நம்ப முடியவில்லை, ஆனாலும் யார் போய்க் கேட்பது? பிறகு ராஜாக்கள் ஏறினார்கள், ஜனாதிபதிகள் ஏறினார்கள். கம்பெனி தன் பெருமையைத் தானே பேசாது. விளம்பரத்தில், வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அதை நம்பித்தான் அப்பா இத்தனை வருடம் பேக்கார்ட் கடை நடத்தினார்.

பஞ்ச காலத்தில் விலை குறைந்த காரும் செய்தார்கள். அதனால்தான் கம்பெனி பிழைத்தது. ஆனால் தன் குமாஸ்தாவும் பேக்கார்டில் வேலைக்கு வர ஆரம்பித்ததும் வங்கி முதலாளி வேறு கடைப் பக்கம் திரும்பினார். அப்பா அதைச் சொல்லும்போது யாரையும் குற்றம் சொல்வதில்லை. "வேற என்ன பண்ணியிருக்க முடியும்?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார்.

இப்போது சவுத் பெண்டில், மலிவான ஸ்டூடிபேக்கர் கார்களைச் செய்யும் தொழிற்சாலையிலேயே பேக்கார்டும் செய்கிறார்கள். முதல் வண்டிகள் போன வாரம் வந்து இறங்கின. அப்பா கோட்டு, டை எல்லாம் போட்டு, ஷோரூம் தரையை மெழுகித் தேய்க்கச் சொல்லிக் காத்திருந்தார். நான் பிஸ்கட் சுட்டுக் கொண்டு போயிருந்தேன். மெக்கானிக் ஹுடாக் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். அழுக்கே படாத கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். எதிர்ப் பக்கத்து முடிதிருத்தும் கடையிலிருந்து டெலானி கத்தினார்: "என்னய்யா ஆல்டன், ஸ்டூடிபேக்கருக்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்பிட்டாங்களா?" தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். "உன் தலைக்கு டோப்பா மாட்டுன மாதிரிதான் டெலானி, அழகாத்தான் இருக்கு" என்று பதில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தொடவில்லை.

கிளிஃபர்ட் சொன்ன விஷயத்தைச் சொன்னேன். இந்த ஊருக்கு அவனுடைய கம்பெனி டீலர் தேடுகிறது, அவன் ஒரு வார்த்தை சொல்லிவைப்பான் என்றேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே பனி தள்ளப் போய்விட்டார். வசந்தத்தில் நீதிபதி என்ஸ்லி புதுக் கார் எடுப்பார். அவர் எடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள். அதுவரை பொறுத்திருந்து, மறுபடி பேசிப் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று உன் கணவனிடம் சொல்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அம்மா


வாரன்
ஜூன் 1957

அன்பு லோர்னா,

நீ உண்டாகியிருக்கும் செய்தியைப் படித்து அடுக்களையில் நின்றே அழுதேன். முட்டைக்கோஸ் வாசனை ஒத்துக்கொள்ளாவிட்டால் சமைக்காதே. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ ஒடம்ப பாத்துக்கச் சொல்லு" என்றார்.

கடையில் நடந்ததை இனி மறைத்துப் பயனில்லை.

நீதிபதி மே மாதம் வந்தார். நான் அப்போது கடை ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே அவர் பேக்கார்டைத் தவிர வேறு கார் வைத்ததில்லை, உனக்குத் தெரியும். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு, "என்னப்பா ஆல்டன், எடுத்துரலாமா?" என்றார்.

பேனா அப்பாவின் கையில் இருந்தது. அவர் மூடியைக் கழற்றவில்லை.

"வேணாம் சார்" என்றார்.

"என்ன வேணாமா? விக்கிறவன் நீதானே?"

"அதனாலதான் சார் சொல்றேன். இது ஒண்ணும் மோசமான வண்டி இல்ல. நல்லா ஓடும். ஸ்டூடிபேக்கர்னு கேட்டு யாராவது வந்தா நான் சந்தோஷமா சாவியக் குடுப்பேன். ஆனா நீங்க இத்தன வருஷமா எங்கிட்ட வந்து கேட்டது இது இல்ல. பேருதான் அது. வாங்கிட்டுப் போயி, நாளைக்கு யாராவது உங்கள நிறுத்தி, வண்டி எப்படின்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

நீதிபதி தொப்பியை எடுத்துக்கொண்டார். "இந்த மாவட்டத்துல பொய் சொல்லாத ஒரே ஆளு நீதான்யா. ஆனா உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். திரைத் துணியைப் பிடித்தபடி நான் அப்படியே நின்றேன். எனக்குக் கோபம் வந்தது லோர்னா. அந்த நிமிடம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அதே நிமிடம், இவரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காகச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் நீதிபதி கறுப்புக் காடிலாக்கில் கோர்ட்டைச் சுற்றி வந்தார். அப்பா நடைபாதையில் நின்று தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். அதற்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. "ஆல்டனே வேணாங்கிறாராமே, அப்புறம் நாம எதுக்கு?" பல் மருத்துவர் வரவில்லை. இறுதிச் சடங்குக் கடைக்காரரும் வரவில்லை. சவ ஊர்தியைக்கூட இனி வேறு இடத்தில் எடுக்கப்போகிறாராம். ஹுடாக் உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். போகிற அன்று, "முதலாளி, நான் இருக்கணும்னா இருக்கேன்" என்றான். "இருந்து என்னடா பண்ணப்போற? ரெண்டு பேரும் சீட்டாடலாமா?" என்று அப்பா அவனை வழியனுப்பிவிட்டார்.

அதன் பிறகுதான் அப்பா எழுதினார். நான் வற்புறுத்தவில்லை, சத்தியமாக. மேசையில் உட்கார்ந்து, காடிலாக் கம்பெனிக்குத் தன் கையாலேயே எழுதினார்: தான் இன்னார், இந்த ஊரில் கார் விற்றவன், இடம் காலியாக இருந்தால் பரிசீலிக்கலாம் என்று. உறையை ஒட்டுவதற்கு முன் என்னிடம் நீட்டி, "எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா பாரு" என்றார். அவருடைய கையைப் பார்க்க முடியாமல் நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. இந்த ஊருக்கான டீலரை அதற்கு முந்தைய வாரமே முடிவு செய்துவிட்டார்களாம். யங்ஸ்டவுனிலிருந்து வருகிற இளைஞன். அப்பா படித்துவிட்டு, "நியாயம்தான்" என்றார். இதைக் கிளிஃபர்டிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவனுக்குத் தெரியட்டும். அவன் மாமனார் கேட்டார், தாமதமாகக் கேட்டார்.

நீ நிறையப் பால் குடி. மாடிப்படி ஏறி இறங்காதே.

பிரியமுள்ள
அம்மா


வாரன்
செப்டம்பர் 1958

அன்பு மகளே,

குழந்தையின் படம் அடுக்களை அலமாரிக் கதவில் இருக்கிறது. காது நம் பக்கத்துக் காது. பல் வரும்போது காய்ச்சல் அடிக்கும், பயப்படாதே.

ஜூலையில் பேக்கார்ட் செய்வதை முழுக்கவே நிறுத்திவிட்டார்கள். உங்கள் ஊர்ப் பத்திரிகையிலும் வந்திருக்கும். இங்கே டெலானிதான் தெருவைத் தாண்டி வந்து சொன்னார். எப்போதும் கேலி பேசும் மனுஷன், அன்று தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். "அப்படியா" என்றார் அப்பா.

கடை இப்போது நம்முடையது இல்லை. அங்கே சோபாவும் கட்டிலும் விற்கிறார்கள். பெயர்ப் பலகையின் எழுத்துகளை ஹுடாக்தான் ஏணி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தான். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

அப்பா வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருந்தேன், எங்கே என்று எழுதவில்லை. கார்களுக்கு ஒயர் செய்யும் தொழிற்சாலைக்குத்தான். முதல் காரைச் செய்த அதே குடும்பம் தொடங்கியது, நீ பிறப்பதற்கு முன்பே காடிலாக்கின் தாய்க் கம்பெனி கைக்குப் போய்விட்டதே, அதுதான். பெயர் மட்டும் மாறவில்லை. தினமும் காலையில் பேக்கார்ட் என்று எழுதியிருக்கும் வாசல் வழியாக உள்ளே போகிறார். சின்னப் பெண்களோடு வரிசையில் நின்று ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிறார். அந்தப் பெண்கள் நல்ல பிள்ளைகள். "தாத்தா, மெதுவா கட்டுங்க, ஓடியா போகப்போகுது?" என்று கேலி செய்வார்களாம். ஆரம்பத்தில் அதை வீட்டுக்கு வந்து சொல்லுவார். ஒரு நாள் சாப்பிடும்போது, "மாப்பிள்ளை விக்கிற வண்டியில வெளக்கு எரியுதுன்னா, அது நான் கட்டுன ஒயரா இருக்கும்னு எழுது" என்றார். சிரிக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வேலை பற்றி எதுவும் பேசுவதில்லை. ஜூலைக்குப் பின் எதைப் பற்றியுமே அதிகம் பேசுவதில்லை. மருத்துவர் பார்த்தார். நெஞ்சு நன்றாக இருக்கிறது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, வயசானவருக்கு ஓய்வு வேண்டும் என்றார்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. குழந்தையைக் கீழே விட்டுவிட்டுப் படி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைவலி. பிரசங்கம் முடியும் முன்பே வந்துவிட்டேன். நம் பழைய பேக்கார்டை நிறுத்தும் கொட்டகையின் கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நம் காரின் என்ஜின் எவ்வளவு மெதுவாக ஓடும் என்று உனக்குத் தெரியும். பக்கத்தில் போனால்தான் கேட்கும். மூடிய கொட்டகையில் கார்ப் புகை ஆளையே கொன்றுவிடும் என்று அப்பாவுக்குத் தெரியாதா? நான் கதவுகளை இழுத்துத் திறந்தேன். எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை, இரண்டு நாள் தோளைத் தூக்க முடியவில்லை. அப்பா முன் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுடன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "சீக்கிரம் வந்துட்டியே" என்றார். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, "பேட்டரி செத்துடக் கூடாதுல்ல, அதான் கொஞ்சம் ஓட விட்டேன்" என்றார்.

"ஆமா, ஓட விடணும்தான். கதவத் தெறந்து வெச்சுட்டு ஓட விடுங்க" என்றேன்.

"சரி" என்றார். நான் அவரைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்து, வறுத்த இறைச்சியைச் சூடாக்கினேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காரை விற்றுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "யாரு வாங்குவா?" என்றார். அது உண்மைதான், யாரும் வாங்கமாட்டார்கள்.

அன்றிலிருந்து கொட்டகைச் சாவியும் கார்ச் சாவியும் என் ஏப்ரன் பையில்தான். குளிக்கும்போதுகூடக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்கிறேன். சாவி எங்கே என்று அவர் ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருக்காது. சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். முழங்கால் வலி என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா வேலைக்குப் போகும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் கண்ணை மூடுகிறேன். அங்கே அந்தப் பெண்கள் இருக்கிறார்கள் அல்லவா.

உன்னை வா என்று அப்பா சொல்லமாட்டார். மாப்பிள்ளையைக் கூட்டி வா என்றும் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன். ரயிலில் வருவீர்களோ, அந்தக் காரிலேயே வருவீர்களோ, எப்படியாவது வாருங்கள். எந்தக் காரானாலும் அவருக்கு இனி ஒன்றுதான், ஜன்னல் பக்கமே அவர் போவதில்லை. குழந்தையைப் பார்த்தால் மாறிவிடுவார் என்று உனக்கு ஆசை காட்டமாட்டேன். மாறுவார் என்று நான் நினைக்கவில்லை. வந்து அவரைச் சரிசெய் என்று உன்னைக் கூப்பிடவில்லை கண்ணே.

வந்து இந்தச் சாவிகளை ஒரே ஒரு நாள் உன் பையில் வைத்துக்கொள். நான் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

குழந்தை சுகமாக வளரட்டும். உன் வீட்டில் எல்லா ஆண்களும் நிறையப் பேசட்டும்.

உன் அம்மா
வெர்னா கிட்ரெட்ஜ்