சூடு தெரியாத கால்

என் ஆசை மச்சான் தங்கராசுக்கு,

நீ போய் ஒன்பது மாசம் ஆகிவிட்டது. பொங்கலுக்குச் சடுகுடு தொடங்கும் முன்னால் உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொல்லி ஊரில் கேட்டார்கள். கூட்டத்தில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் உனக்கே சொல்லிவிடுகிறேன், ஊரும் கேட்டுக்கொள்ளட்டும். எழுத்துதான் எனக்குத் தெரியாதே. நான் சொல்லச் சொல்ல உன் மகள் மலர்க்கொடி எழுதுகிறாள். வேறு யாரையும் கூப்பிடாமல் அவளைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது.

உன் செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளை. உன்னைப் போலவே எவன் கயிற்றுக்கும் அடங்க மாட்டேன் என்கிறது.

எங்கே விட்டேன்? ஆமாம், ஊர். "வயசான காலத்துல ஓட்டமும் நடையும் எதுக்கு? நடந்து நடந்துதான் தங்கராசு காலே போச்சு" என்று ஊரே பேசுகிறது. மலர்க்கொடியும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

அறுபது வயசிலும் நீ மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு போனால் ரெண்டு பேரைத் தொட்டுவிட்டுத்தான் கோட்டுக்கு வருவாய். அந்தச் சித்திரையில்தான் கெண்டைக்கால் கவ்வுகிறது என்றாய். வாயு என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன். கேட்கவில்லை. திருச்சிக்குப் போனோம். டாக்டர் உன் பாதத்தில் விரலை வைத்து வெகுநேரம் நாடி தேடினார்.

"காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. பீடியை இன்னியோட விடுங்க. தினம் நடங்க. வலி வந்தா நில்லுங்க, விட்டதும் நடங்க" என்றார்.

"சடுகுடு ஆடலாமா சார்?"

அவர் உன் நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்தார். "மொதல்ல நிக்காம ஒரு மைல் நடந்து காட்டுங்க. அப்புறம் பாப்போம்."

பெரம்பலூர் பஸ் போய்விடுமோ என்று நான் வெளியே ஓடிவந்துவிட்டேன். நான் இல்லாதபோது டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியாமல் போனதுதான் வினை.

மறுநாளே பெரிய ரோட்டில் இறங்கிவிட்டாய். முதல் பர்லாங் கல்லிலேயே கால் கவ்வ, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாய். டவுன் பஸ் கண்டக்டர் தலையை நீட்டினான்.

"பெருசு, ஏறிக்கிறியா?"

"நான் எட்டுக் கல்லு, ஒரு மைல் முழுசா நடக்கணும்டா. நீ போ, உன் வண்டிதான் வழியில நின்னுடும்."

வாலிகண்டபுரம் திருப்பத்தில் அந்த வண்டி நின்றேவிட்டது. நீ அதைத் தாண்டி நடந்துபோய்க் கையாட்டினாயே, அதற்குப் பிறகு அவன் உன்னைக் கேட்டதே இல்லை. ஆடிக்கு மூணு கல். ஐப்பசிக்கு ஏழு கல், நிற்காமல். இன்னும் ஒரே ஒரு கல். நீ விட்ட பீடியை நான் செங்கல் சுடுகிற காளவாய்க்குப் பின்னால் ஒளிந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை மழை பத்து நாள் விடவில்லை. ரோட்டில் இறங்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாய். தொட்டுப் பார்த்தேன், பாதம் ஈரக்கட்டை மாதிரி சில்லிட்டுக் கிடந்தது.

"ஏழு கல்லும் மழையில கரைஞ்சிடும் போல இருக்கே மாப்ள" என்றாய். உன் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

காளவாயில் வேலை செய்கிறவனுக்கு இடுப்பு பிடித்தாலும் முட்டி பிடித்தாலும் செங்கல் சூடுதான் மருந்து. என் வீட்டில் ஒரு செங்கல்லை அடுப்பில் சுட்டு, சாக்கில் சுற்றி, மழையில் ஓடிவந்து உன் பாதத்துக்கு அண்டக் கொடுத்தேன்.

"சூடு ஏறுதா மச்சான்?"

"ஒண்ணும் தெரியலடா. இன்னும் கொஞ்சம் கிட்ட வை."

சாக்கில் ஒரு மடிப்பை உருவிவிட்டு வைத்தேன்.

விடிந்து பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். அது உடைந்து புண்ணானது. ரத்தம் ஓடாத காலில் புண் ஆறுமா? பொங்கலன்று கட்டுப் போட்ட காலோடு கோட்டோரம் உட்கார்ந்திருந்தாய். பையன்கள் பாடிக்கொண்டு போகும்போதெல்லாம் நீயும் மூச்சை அடக்கினாய். நான் பார்த்தேன் மச்சான். மாசியில் காலை எடுத்தார்கள். பங்குனியில் நீயே போய்விட்டாய்.

ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என்ன சொன்னாய்?

"சூடு மட்டும் வச்சிடாதீங்க, கால் மரத்துக் கிடக்குன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு மாப்ள."

"அடப்பாவி, அப்ப ஏன் வச்சுக்கிட்ட?"

"மழையில நனைஞ்சுகிட்டுத் தூக்கிட்டு வந்த. வேணாம்னா உன் மூஞ்சி சுருங்கிடும். மலருகிட்ட சொல்லிக்கிடாத."

இந்த இடத்தில் எழுதுகிற கை நின்றுவிட்டது.

"நடக்கறப்ப கல்லு இடிச்சுப் புண்ணாச்சுன்னு தானே மாமா அப்பா சொன்னாரு?"

"இல்ல கண்ணு. நான் வச்ச சூடு."

எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "சொல்லுங்க மாமா" என்றாள். அவ்வளவுதான். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது, நீயே சொல்லேன்.

உன் பேச்சை மீறிவிட்டேன். மீறாவிட்டால், நடந்து கெட்டவன் என்ற பேர் உன் மேலேயே நின்றுவிடும். நீ நடந்து கெடவில்லை மச்சான். நடந்துதான் ஏழு கல் வரைக்கும் மீண்டு வந்தாய்.

இன்னொரு சேதி. ஆவணியிலிருந்து எனக்கும் கெண்டைக்கால் கவ்வுகிறது. பீடியை விட்டுவிட்டேன், சத்தியமாக. நடக்கிறேன். இன்றைக்குக் காலையில் அஞ்சு கல். வலி வந்தால் நீ உட்கார்ந்த கல்லிலேயே உட்காருகிறேன்.

பொங்கலன்று இந்தக் கடுதாசியைக் கோட்டோரம் படிக்கச் சொல்லப் போகிறேன். காளவாய்க்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழட்டும். இனி எவன் மரத்த காலுக்கும் நான் சூடு வைக்க மாட்டேன், என் கண் முன்னால் வைக்கவும் விட மாட்டேன். நீ தொடாத எட்டாவது கல்லைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

கடைசியில் என்ன உறவு போட்டு முடிப்பது என்று கேட்டாள். உன் இஷ்டம் கண்ணு என்று விட்டுவிட்டேன். என்ன எழுதினாலும் எனக்கா வாசிக்கத் தெரியப்போகிறது?

இப்படிக்கு,
உங்க மாப்ள, என் மாமா,
கண்ணுசாமி