மகள் வீட்டுக்கு மேற்கே

ஜூலை 7, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மண். மகளின் புது வீட்டுக்குத் தரை போட மேசன் வரவில்லை. நாளையாம். போன கிழமையும் நாளைதான். நிக்காஹ் வருகிற மாதம்.

மேற்கே வயலுக்குள் ஆலைக்கு வேலி அடித்தாயிற்று. கப்பலில் வரும் வெளிநாட்டுக் குப்பையை எரிக்கப் போகிறார்களாம். இந்தக் காற்றுக்குப் புகை நேரே மகள் சமைக்கப்போகும் குசினிக்குள்தான். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வளவு. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தானே மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். வேறு எங்கே கட்ட?

ஜூலை 9, வியாழன்

வாங்க: தேங்காய், தலையிடிக் குளிசை, அட்டை எழுத மார்க்கர்.

ஆலைக்கு எதிரான நாளைய ஊர்வலத்தில் பெண்கள் பக்கமிருந்தும் யாராவது பேச வேண்டுமாம். பக்கத்து வீட்டு ஜெஸீமா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாலர் பள்ளி டீச்சர், நீங்களே கதைங்க. எங்களுக்கு மைக்கக் கண்டா நாக்கு ஒட்டிக்கும்." மறுக்கவும் தெம்பில்லை. சரி என்றேன்.

ஜூலை 10, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிய ஊர்வலம். பொல்லாத வெயில். முழங்கால் வலி.

நன்றாகப் பேசினேன் போல. "இந்த ஆல வந்தா அந்தப் பக்கத்துல மனிசர் குடியிருக்க ஏலா. பிறக்கிற புள்ளையள் மூச்சிழுப்போடதான் பிறக்கும்." பெண்கள் அழுதார்கள். இவர்கூட "நல்லாக் கதைச்சாய்" என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து முதல் பாராட்டு. இப்போது தொண்டை கட்டிவிட்டது.

ஜூலை 12, ஞாயிறு

எழும்பவே அலுப்பு. மாப்பிள்ளையின் உம்மா சாய்ந்தமருதிலிருந்து வந்தார், கையில் இனிப்பு வட்டிலப்பம். என் பேச்சு போனில் அங்கேயும் போயிருக்கிறது.

"நல்லாக் கதைச்சீங்க ராத்தா. நானும் அழுதன்." தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "மகன் வந்து இரிக்கப்போற வீடு அதானே. இரிக்க ஏலாண்டு நீங்களே சொன்ன மறுகா, நான் எப்பிடி அவன அனுப்புற?"

ஆலையை வரவிடமாட்டோம் என்றேன்.

"ஆல வராட்டிப் பாப்பம்."

மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். கோப்பைகளைக் கழுவினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்லலாம். சொன்னது முழுக்க உண்மை.

ஜூலை 13, திங்கள்

காற்று ஓயவில்லை. வட்டிலப்பம் அப்படியே கிடக்கிறது.

காலையிலேயே ஜெஸீமா. வருகிற வெள்ளி கல்முனையில் பெரிய கூட்டமாம், நான்தான் பேச வேண்டுமாம். அவள் போகுமுன் மேசனும் வந்து நின்றான். "டீச்சர், தர போடவா?"

இரண்டு பேருக்கும் ஓம் என்றேன்.