கார் யாருடைய பெயரில்

இயேசு மரி சூசை

வெலஸ்லி வீதி,
ரொறன்ரோ.
09-11-1997

அன்புள்ள அத்தானுக்கு,

செலீன் எழுதிக்கொள்வது. எனக்குத் தேகசுகத்தில் ஒரு குறையும் இல்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கவேண்டும் என்று இன்று பூசையில் மன்றாடிவிட்டு, வந்த கையோடு இதை எழுதுகிறேன். செப்ரெம்பரில் ஒன்று, ஒக்ரோபரில் இரண்டு என்று மூன்று கடிதங்கள் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நீங்கள் இருக்கிற கொட்டாஞ்சேனை லொட்ஜுக்கு ரெலிபோனும் எடுத்தேன். மூன்று தரமும் மனேச்சர், 'பஸ்ரியன் இப்பதான் வெளியில போனவர்' என்றார். மூன்றாம் தரம் அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது போலிருந்தது.

விட்பியில் அதே முதியோர் இல்லத்தில்தான் இன்னமும் வேலை. காலை ஆறரைக்கு நான் சமையலறையைத் திறந்தால்தான் எண்பது பேருக்கும் நேரத்துக்கு ஓட்ஸ் கஞ்சி போகும். இங்கிருந்து விட்பி, மன்னாரிலிருந்து மடுவுக்குப் போகிற தூரம். முதல் ரெயினைப் பிடித்து, பிறகு பஸ் பிடித்துப் போனால் ஏழரை ஆகிவிடும். அதனால்தான் ஒரு வருசமாகக் கிளிபோட்டின் காரில் போய்வந்தேன். இதை முன்பே எழுதியிருக்கிறேன். பேசாலைக் கிளிபோட், ஊரில் உங்கள் கராஜுக்கு லொறி கொண்டுவந்தவர். அவருக்கும் விட்பியில்தான் வேலை. முதல் நாள் நான் பின்சீற்றில் ஏற, 'என்ன, இது ரக்சியோ?' என்று பகிடி விட்டார். ஆனாலும் வருசம் முழுக்கப் பின்சீற்றில்தான் இருந்தேன்.

போன மாதக் கடைசியோடு அதை நிறுத்திவிட்டேன். கோயில் வாசலில் கதைத்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் வாயை மூடினார்கள். அவர்களில் ஒருத்தியின் தமையன் நீங்கள் இருக்கிற லொட்ஜில்தான் இருக்கிறார். இதற்கு மேல் நான் விளக்கி எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கிறிஸ்மஸ் வரைக்கும் பத்து மணி வேலைக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். அதன் பிறகு பழையபடி விடியற்காலை. பனியில் அவ்வளவு தூரம் நம்பி ஓடக்கூடிய ஒரு பழைய கார் வேண்டும். லைசென்ஸ் எடுத்துவிட்டேன், அதையும் எழுதியிருந்தேன்.

நேற்று, கூட வேலை செய்கிற றெஜினாவோடு ஸ்காபரோவில் ஒரு இடத்துக்குப் போனேன். பழைய கார் விற்கிறவர் தில்லையம்பலம் என்று ஒருவர். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, 'தங்கச்சி, அவர் வரேல்லையோ?' என்று கேட்டார். 'அவர் கொழும்பில' என்றேன். உடனே ஒரு பெரிய காரைக் காட்டி, 'உது பொம்பிளையளுக்கெண்டே செய்த கார். ஹீற்றர் அடுப்பு மாதிரி' என்றார். நான் பொனற்றைத் திறக்கச் சொல்லி, ஒயில் மூடியைக் கழற்றி உட்பக்கம் பார்த்தேன். தயிர் பூசியது போல் வெள்ளையாய் இருந்தது. 'அண்ணை, ஒயிலுக்குள்ள தண்ணி போகுது. எஞ்சின் கஸ்கற் பழுதாப் போச்சுது' என்றேன். மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, 'உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?' என்றார்.

ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒன்பது வருசம் உங்கள் கராஜுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள் நான். நீங்கள் வேலைக்கு நிற்கிறவர்களை ஏசும்போது நின்று கேட்டது.

இல்லத்தில் ஒரு கொரோலா விற்பனைக்கு என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எண்பத்தொன்பதாம் ஆண்டு வண்டி. எதை எதைப் பார்க்கவேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கடவுள் துணையோடு சுகமாக இருங்கள்.

உங்கள்
செலீன்


ரொறன்ரோ.
18-01-1998

அன்புள்ள அத்தானுக்கு,

புதுவருசமும் பிறந்து மூன்றாம் கிழமை ஆகிறது. நான் அனுப்பிய கிறிஸ்மஸ் கார்ட் கிடைத்திருக்கும். ஒவ்வொரு நாளும் கீழே தபால் பெட்டியைத் திறக்கிறேன். பீற்சாக் கடை விளம்பரம் மட்டும் தவறாமல் வருகிறது.

காரை எடுத்துவிட்டேன். உங்கள் பதில் வரட்டும் என்று கடைசி நாள்வரை பொறுத்தேன். காலை வேலைக்கு நான் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

வெள்ளைக் கொரோலா. இல்லத்தில் இருக்கிற மிஸ்ரர் வோக்கர் என்ற கிழவர் ஓடியது. அவருக்குக் கண் மங்கிவிட்டது, மகள்தான் விற்றா. றெஜினா வந்து ஒருதரம் சுற்றி நடந்து, நிறம் நல்லாயிருக்கு என்றதோடு சரி. இங்கே ரோட்டுப் பனி உருக உப்புப் போடுவார்கள். அந்த உப்பு காரை அடியிலிருந்து தின்றுகொண்டு வரும். அதனால் பனிக்குமேல் காட்போட் மட்டையை விரித்து, மல்லாக்கப் படுத்து, ரோர்ச் அடித்து அடிப்பக்கம் முழுவதும் தட்டிப் பார்த்தேன். மகள் திகைத்துப்போய் நின்றா. இரவு முழுக்கக் குளிரில் நின்ற எஞ்சினை நானே ஸ்ரார்ட் பண்ணினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. புகையில் நீலம் இல்லை, ஒயில் எரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டேன். உங்கள் காதுக்கு அதில் என்ன கேட்டிருக்குமோ தெரியாது. எனக்கு நல்ல சத்தமாகப் பட்டது, எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காற்சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவும்போதுதான், நான் செய்தது சரிதானா என்று பயம் வந்தது. கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

காலையில் நான் கஞ்சி கொண்டுபோனால் மிஸ்ரர் வோக்கர் கேட்கிற முதல் கேள்வி, அவள் இன்றைக்கு எப்படி ஓடினாள் என்பதுதான். காரைத்தான் கேட்கிறார். குலுங்கவில்லை, வழுக்கவில்லை என்று நான் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டுவார். இந்தத் தேசத்தில் நான் காலையில் வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று விசாரிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை அவருக்குக்கூடச் சொல்லவில்லை. ஹைவேயில் ஒரு பெரிய லொறி என்னை முந்திப் போகும்போது உப்புச் சேற்றைக் கண்ணாடி முழுக்க அடித்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சினேன். ஊரில் ஊற்றுவது போல நான் அந்தத் தண்ணீர்த் தாங்கிக்குள் பைப் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தேன். கண்ணாடியில் பட்ட இடத்திலேயே அது உறைந்துவிட்டது. அந்த வேகத்தில், எனக்கு முன்னால் ரோட்டே இல்லை. பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹோன் அடித்துக்கொண்டு போனார்கள்.

எச்சரிக்கை லைற்றைப் போட்டேன். பிறகு உங்களை வாய்விட்டு ஏசினேன், அத்தான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஏசியதில்லை. 'ஒரு வரி எழுத உங்களுக்குக் கை இல்லையோ? நான் செத்தாலாவது எழுதுவியளோ?' என்று கத்தினேன். ஏசி முடிய இறங்கி, ஐஸைச் சுரண்டிவிட்டு, அடுத்த பெற்றோல் ஸ்ரேசன்வரை ஊர்ந்து போனேன். அங்கே வேலைக்கு நின்ற ஒரு சிங் ஐயா நீலத் தண்ணீர்ப் போத்தலைத் தந்து, குளிருக்கு உறையாதது இதுதான், இனி இதை மட்டும் ஊற்று என்றார். வேலைக்குப் பத்து நிமிசம்தான் பிந்தினேன். ஏசியதற்கு மன்னிக்கவும்.

இத்துடன் ஒரு பேப்பர்த் துண்டு வைக்கிறேன். பெற்றோல் எஞ்சினும் மின்சார மோட்டரும் சேர்ந்து இழுக்கிற கார் ஒன்று யப்பானில் விற்பனைக்கு வந்திருக்கிறதாம். பிரேக் பிடிக்கப் பிடிக்கப் பற்றரி சார்ஜ் ஏறுமாம். இந்தப் பக்கம் வந்து, பழசாகி, எங்களைப் போன்றவர்கள் கைக்கு வர எத்தனை வருசமோ. எஞ்சினை வெட்டிக் காட்டுகிற படம் இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்கும் என்றுதான் வெட்டினேன். என்னோடு கோபம் என்றாலும் படத்தைப் பாருங்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
செலீன்


ரொறன்ரோ.
22-03-1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. உறையில் உங்கள் எழுத்தைக் கண்டதும் லிப்ற் வரும்வரை பொறுக்க முடியாமல், கீழ்ப்படியிலேயே குந்தியிருந்து உடைத்தேன். நாலு வரி. மூன்று வரி சுகம் விசாரித்தது. நாலாவது, 'கார் ஆற்றை பேரில நிக்குது? ஆர் எடுத்துத் தந்தது?'

கண்ணாடி உறைந்து நான் ரோட்டோரம் நின்றதை வாசித்தீர்களா என்று அதிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே காரின் பத்திரத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து, உறைக்குள் வைத்து ஒட்டியும் விட்டேன். வெள்ளிக்கிழமை காலை தபால் பெட்டிவரை கொண்டுபோனேன். பெட்டியின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவள், திரும்பி வந்து உறையைக் கிழித்துத் தாளை எடுத்துவிட்டேன். அதைக் காட்டித்தான் நீங்கள் என்னை நம்பவேண்டும் என்றால், அடுத்ததாக எந்தத் தாளைக் கேட்பீர்கள்? காருக்காவது தாள் இருக்கிறது. பின்சீற்றில் இருந்து போன அந்த ஒரு வருசத்துக்கு என்னிடம் தாள் இல்லை.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கார் என் பேரில். நானே பார்த்தேன், நானே எடுத்தேன். கிளிபோட்டைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றால் அவருடைய பெயரை எழுதிக் கேளுங்கள். நானும் பெயர் எழுதியே பதில் சொல்வேன். நாலு மாதம் ரெலிபோனுக்கு வராமல் இருந்துவிட்டுக் காரைச் சாட்டிக் கேட்கவேண்டாம்.

ஏஜென்ற் கனடாவுக்கு ஒரு ஆளைத்தான் கொண்டுபோகலாம் என்ற அன்றைக்கு, 'நீ முதல் போ. நான் பின்னால வாறன்' என்று சொன்னது நீங்கள். பிள்ளைகுட்டி இல்லாத எங்களுக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான். நான் உங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வந்து நாலரை வருசம் ஆகிறது. விட்பியில் ஒரு அறை எடுத்தால் வேலைக்கு நடந்தே போகலாம் என்று றெஜினா எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். நான் இந்த அறையை விடவில்லை. உங்களைக் கூப்பிட எழுதிய பத்திரத்தில் இந்த விலாசம்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஏப்ரல் 23ஆம் திகதி தூதரகத்தில் நேர்முகம் என்று எனக்கும் அறிவித்திருக்கிறார்கள். உங்கள் நாலு வரியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நேற்று லொட்ஜுக்கு எடுத்தேன். மனேச்சர் இந்த முறை பொய் சொல்லவில்லை. 'பிள்ளை, அவர் மன்னாருக்குத் திரும்பிப் போகப் பிரயாணப் பாஸ் கேட்டு அலையிறார்' என்றார். அதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கோபப்படவும் தெரியவில்லை.

அத்தான், மன்னாருக்குப் போகவேண்டாம். நேர்முகத்துக்குப் போங்கள். அவர்கள் கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லுங்கள். என்னைப் பற்றிக் கேட்டால், உங்கள் மனதில் என்ன இருக்கிறதோ அதையே சொல்லுங்கள். அதற்கு நான் பயப்படவில்லை. நீங்கள் போகாமல் விட்டுவிடுவீர்களோ என்றுதான் பயம்.

ஒன்று சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நான் விமான நிலையத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகிறேன். மாசியில் தொடங்கினேன். முதல் தரம் எங்கே திரும்புவது என்று தெரியாமல் எங்கேயோ போய்விட்டேன். இப்போது எந்தக் கரையில் ஓடவேண்டும், எந்த மாடியில் காரை விடவேண்டும் என்று மனப்பாடம். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் லண்டனில் மாறி, மத்தியானத்துக்குப் பிறகு வந்து இறங்குவார்கள். கதவு திறக்கும், சனம் வரும், ஆளையாள் கட்டிப்பிடித்து அழுவார்கள். கதவு மூடிவிடும். எல்லாரும் போய் முடியும்வரை நின்றுவிட்டு வருகிறேன்.

கோபத்தோடு என்றாலும் வாருங்கள். வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து எதையும் கேளுங்கள். மடுமாதா உங்களைப் பத்திரமாக வழிநடத்தட்டும்.

உங்கள் மனைவி,
செலீன்