முப்பத்தோராம் பக்கத்து அட்டவணை

அன்புத் தம்பிக்கு,

தமிழாக்கத்துக்கு நீ அனுப்பிய நாற்பது பக்கமும் வந்தது. வாஷிங் மெஷின் கையேடு, இருமல் மருந்துத் தாள் என்று பதினாறு வருடமாக மொழிபெயர்த்துக் கொண்டிருந்தவளுக்கு உன் கம்பெனி இணையத்தில் விற்கப்போகிற டிஜிட்டல் டோக்கன்களின் விற்பனை அறிக்கை புது உலகம். நிஜமாகவே ரசித்து வாசித்தேன். ஆனால் பக்கத்துக்கு ஒரு கேள்வி முளைக்கிறது. போனில் கேட்டால், "அதெல்லாம் வழக்கமா போடுற வரிதான்க்கா" என்று சிரித்து மழுப்புகிறாய். அதனால்தான் கடிதம்.

முதல் பக்கத்தில் ஆறு இடத்தில் 'முதலீடு' என்று வருகிறது. பன்னிரண்டாம் பக்கம் போனால், இது முதலீடு இல்லை, பங்கு இல்லை, லாபத்தில் உரிமை இல்லை, கம்பெனியின் சேவை தொடங்கும்போது அதில் பயன்படுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்கிறது. சேவை எப்போது தொடங்கும்? தேடு தேடென்று தேடினேன். தேதியைக் காணோம்.

மொழிபெயர்த்ததை யாருக்காவது வாசித்துக் காட்டுவது என் பழக்கம். இந்தத் தடவை எதிர்வீட்டுக்காரி அகப்பட்டாள். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறவள். தையல் மெஷினுக்குச் சேர்த்த காசை உன் டோக்கனில் போடலாமா என்று அவளுக்கு ஒரு யோசனை. காய் நறுக்கிக்கொண்டே கேட்டவள், "நாங்க டோக்கன் குடுத்தா உள்ளே டாக்டர் இருப்பாரு. இதுல உள்ளே யாரு?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு முப்பத்தோராம் பக்கத்து அட்டவணையில் இரண்டு பேருமாக விரலை வைத்து வாசித்தோம். யார் எப்போது விற்கலாம் என்ற கணக்கு அது. விற்பனையை அறிவிப்பதற்கு முன்பே நுழைந்த பெரிய ஆட்கள் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் முதல் நாளே விற்றுவிடலாம். முழு விலை கொடுக்கிற பொதுமக்களோ ஒரு வருடம் கை வைக்க முடியாது. அவர்கள் விற்று விலை சரிந்தால், இவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதானா? எனக்குப் புரியவில்லை என்றால் சொல்லிக் கொடு. எதிர்வீட்டுக்காரி உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தையல் மெஷினுக்கே முன்பணம் கட்டிவிட்டாள்.

அவள் போன பிறகுதான் அட்டவணையின் கடைசி வரியைப் பார்த்தேன். ஊழியர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த டோக்கன்களை மூன்று வருடம் விற்க முடியாது. ஏழு மாதமாக உன் சம்பளம் டோக்கனாகத்தான் வருகிறது என்று நீதானே பெருமையாகச் சொன்னாய்? இந்தப் பக்கத்தை நீ வாசித்தாயா, தம்பி? இல்லை, நான் வாசிக்கட்டும் என்றுதான் எனக்கு அனுப்பினாயா?

இன்னொன்று. 'விற்க முடியாது' என்ற இடத்தில் 'பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கும்' என்று போடச் சொல்லி உன் மேலாளர் மெயில் அனுப்பினார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அப்படி மாற்ற முடியாது என்று பதில் எழுதிவிட்டேன். இதனால் உனக்கு அங்கே தலைகுனிவு என்றால் அக்காவைத் திட்டிக்கொள். ஆனால் யார் எப்போது விற்கலாம் என்ற அந்த அட்டவணைக் கேள்வியை மட்டும் உன் ஆபீஸில் கேட்டு எழுது.

அன்புடன்,
அக்கா

* * *

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கூட்டத்தில் எழுந்து நின்று அட்டவணையைப் பற்றிக் கேட்டாயாமே. சின்ன வயதில் வகுப்பில் கை தூக்கவே பயந்தவன் நீ. "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு இங்கே வேலை இல்லை" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். சம்பளத்தைப் பணமாகத் தரச்சொல்லி நீயும் நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மூன்றாம் நாள், ஆபீஸ் கதவில் உன் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரியவில்லை, கதவும் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியிலிருந்து என்னால் நகரவே முடியவில்லை.

தமிழ் அறிக்கையை வேறு யாரோ செய்து கொடுத்துவிட்டார்கள். இணையத்திலிருந்து இறக்கிப் பார்த்தேன். எல்லாமே 'பாதுகாப்பாக' இருக்கிறது. நான் செய்ததை எதிர்வீட்டுக்காரி பிரதி எடுத்துக்கொண்டு போனாள். கிளினிக்கில் காத்திருக்கிறவர்கள் வாசித்துவிட்டு ஏதேதோ கேட்கிறார்களாம். பாதிக் கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை. உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன். உனக்கு நேரம் இருந்தால் நீயும் சேர்ந்துகொள்.

நேற்று உன் மனைவி போன் செய்தாள். பிள்ளையின் பள்ளிக்கூடம், புது வாடகை, வெயில் என்று பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில், நீ தினமும் காலை எட்டரைக்குப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறாய் என்றாள். வேலை போனதை நீ அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது; நானும் சொல்லாமல் ம் கொட்டினேன். அவளும் எதையோ கேட்க வந்து, கேட்காமலே வைத்துவிட்டாள்.

நீ எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நல்லா இருப்பேடா. இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றைக்கு மட்டும் சாயங்காலம் வரை காத்திருக்காமல் வீட்டுக்குப் போ.

அக்கா