சேமக்காலையில் பிடுங்கிய பயற்றங்கொடி

அனுப்புபவர்:
திருமதி கொன்ஸ்ரன்ஸ் சவுந்தரநாயகம்,
கிணற்றடித் தோட்டம்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுபவர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
ஆற்றுவழிச் சேமக்காலை,
கொழும்பு 15.

விடயம்: முன்னாள் போர்வீரரும் விவசாயியுமான என் கணவரின் கல்லறையில் காய்த்து நின்ற பயற்றங்கொடியை ஓவசியர் பிடுங்கியது பற்றியும், அதைத் திரும்ப வளர்க்க அனுமதி கேட்டும்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். இந்த மனுவை முதலில் கந்தோர் வாசலில் பெட்டிசன் எழுதுகிறவரிடம்தான் கொடுத்தேன். அவர் என் கணவரின் முழுச் சீவியத்தையும் நாலு வரியில் முடித்துவிட்டார். ஆகையால் நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இராது. எனக்கு ஞாபகம் நல்லது.

1. என் கணவர் சூசைப்பிள்ளை சவுந்தரநாயகம் இந்த வருடம் தை மாதம் காலமானார். தங்கள் சேமக்காலையில் மதிலோர வரிசையில் அடக்கம் செய்திருக்கிறோம். மண்மேடும் மரச்சிலுவையும்தான். தன்மேல் சிமெந்து பூசக்கூடாது என்பது அவருடைய சொல். மண்ணை மூடினால் மண் என்னத்துக்கு என்று கேட்பார்.

2. அவர் மட்டக்குளியில் களனி ஆற்றோரச் சதுப்பில் கங்குன் கீரையும் வல்லாரையும் பயிரிட்டவர். தகப்பனோடு சிறுவயதிலேயே அந்தச் சேற்றில் இறங்கினார். நாற்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் பாத்திகளை அள்ளிக்கொண்டு போனது. தண்ணீர் முழுதும் வடியுமுன்னே, வடியாத இடத்தில் நின்றுகொண்டே நடத் தொடங்கியவர் அவர். கொட்டாஞ்சேனையில் அவருடைய கீரை வேகாத அடுப்பு அந்தக் காலத்தில் இல்லை. தங்கள் ஓவசியர் திரு. ஹியூபேட்டின் தாயார் மெற்றில்டா அம்மாவும் எங்களிடம்தான் வாங்கினார். ஒரு கட்டு வாங்கினால் இன்னொரு கட்டிலிருந்து ஒரு பிடி உருவாமல் போகமாட்டார். இதை ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் விளங்கும்.

3. அந்த வெள்ளத்துக்கு முன், உலகச் சண்டைக் காலத்தில், எங்கள் கலியாணம் முடிந்து வருடம் திரும்பவில்லை. அதற்குள் பயனியர் படையில் சேர்ந்து எகிப்துப் பாலைவனத்துக்குப் போய்விட்டார். அங்கே றோட்டு வெட்டினார், லொறியிலிருந்து குண்டுப் பெட்டி இறக்கினார், குழி தோண்டினார். அவரோடு போன நம்முடைய புளூமெண்டால் தெருப் பற்றிக் என்பவர் காய்ச்சலில் செத்தபோது குழி தோண்டியவரும் இவர்தான். அந்த இடத்தில் புல் கூட இல்லையாம். சாப்பாட்டு மூட்டையிலிருந்து ஒரு பிடி பயறு எடுத்துப் புதைத்து, தன் குடிதண்ணீரில் மிச்சம் வைத்து ஊற்றியிருக்கிறார். பயறு முளைத்தது. வெள்ளைக்காரப் படைத் துரை பரிசோதனைக்கு வந்தபோது அதைப் பார்த்தார். இவர் தண்டனை என்றுதான் நினைத்தாராம். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்; பிறகு அந்தப் பக்கம் லொறி போகக்கூடாது என்று கல் வைப்பித்தார்.

4. திரும்பி வந்த வீரர்களுக்குக் காணி தருவோம் என்று சொன்ன கந்தோரில் அவருக்கு இருக்கக் கதிரை கூடக் கொடுக்கவில்லை. அந்தக் கிளாக்கரின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். என் கணவர் அதற்காக யாரிடமும் கை கட்டவில்லை. குத்தகைச் சதுப்புக்கே திரும்பினார். தன்னுடைய பதக்கத்தைக் கொண்டுபோய் வெருளியின் சட்டையில் குத்திவிட்டார். "பெட்டிக்குள்ள கிடந்து என்ன செய்யப்போகுது, குருவியையாவது கலைக்கட்டும்" என்றார். வெயிலில் அது மின்னும். குருவி வராது. சண்டைக்குப் போன எத்தனையோ பேரின் பதக்கம் பார்த்திருக்கிறேன், வேலை செய்த பதக்கம் அது ஒன்றுதான்.

5. கண் மூடுவதற்கு முன் என்னிடம் சொன்னது இதுதான்: "கொன்ஸ்ரன்ஸ், என்ர தலைமாட்டில பூவைக் கீவை நட்டு வைக்காத. ஆராவது பறிச்சுத் தின்னுறதா நடு." வைகாசி மழையோடு பயற்றங்காய் விதை ஊன்றினேன். என் பக்கத்தில் ஒரு பிழை உண்டு, மறைக்கவில்லை. கொடிக்குக் கொம்பு நாட்ட மறந்துபோனேன். இத்தனை வருடம் தோட்டக்காரனோடு சீவித்தவள் அதை மறந்திருக்கக்கூடாது. கொடி கொம்பு தேடி, கிட்டக் கிடைத்த சிலுவையில் ஏறிவிட்டது. ஏறிய பிறகு இறக்க எனக்கு மனம் வரவில்லை.

6. அது காய்த்த காய்ப்பை என்ன சொல்ல. இந்த வருடம் அரிசி இல்லாமல் பாண் வரிசையில் விடிகிற நகரத்தில், செத்த மனுசன் எங்கள் கிணற்றடித் தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் கறி கொடுத்தார். அடுத்த வீட்டு ஜவாஹிறாவுக்கு எங்கே பறித்த காய் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவள் கொஞ்சமும் தயங்காமல் முந்தானையை விரித்தாள். "சவுந்தரம் நானா மவுத்தாகி மண்ணுக்குள்ள போயும் நமக்கு ஆக்கித்திங்கத் தாராரே" என்றாள். அந்தச் சொல்லுக்கு மேல் அவருக்கு ஒரு நினைவுக்கல் தேவையில்லை, ஐயா.

7. சென்ற மாதம் திரு. ஹியூபேட் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கிவிட்டார். நான் போய்க் கேட்டேன். "ஆச்சி, இது சேமக்காலை, மரக்கறிக் கடை இல்ல. பூச்செடி மட்டும்தான் வைக்கலாம். அதுவும் சிலுவையில ஏத்தி வச்சிருக்கிறீங்க" என்றார். பயற்றங்கொடிக்கும் பூ வரும் தம்பி, ஊதாப் பூ, உங்கட அம்மாவிட்டக் கேளுங்கோ என்றேன். கொடியை மதிலுக்கு அப்பால் எறிந்தவர் காயை எறியவில்லை என்பதையும், அது அவருடைய சைக்கிள் பையில் நீட்டிக்கொண்டு கிடந்ததை நான் கண்டேன் என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தாயிடம் கண்ட பழக்கம். அதை நான் குற்றமாக எழுதவில்லை. அவர் வீட்டுச் சட்டியிலும் என் கணவர் வெந்தார் என்றால் எனக்குப் பெருமைதான். வேரைப் பிடுங்கியதுதான் குற்றம்.

8. ஒரு முழ நிலமும் சும்மா கிடக்கக்கூடாது, உணவு உற்பத்தியும் ஒரு போர் என்று அரசாங்கம் றேடியோவில் நாள்தோறும் சொல்கிறது. கந்தோர் முற்றங்களில் மரவள்ளி நிற்கிறது. என் கணவர் அந்தப் பாலைவனப் போருக்கும் கூப்பிட்டவுடன் போனவர். இந்தப் போருக்கு ஆறடி நிலத்தோடு வந்திருக்கிறார். அவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

ஆகவே, ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சுவாமியார் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வருமுன், அந்த மண்மேட்டில் பயற்றங்கொடி வளரலாம் என்று தங்கள் கையெழுத்தோடு ஒரு துண்டு தந்து உதவும்படி பணிவாகக் கேட்கிறேன். சிலுவையில் ஏறாதபடி இம்முறை கொம்பாகக் கமுகஞ் சிலாகை நாட்டியிருக்கிறேன்.

நாட்டியிருக்கிறேன் என்றுதான் எழுதினேன், ஐயா. மழை தங்கள் பதிலுக்குக் காத்திராது என்பதால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போய் விதையும் ஊன்றிவிட்டேன். இக்கடிதம் தங்கள் மேசைக்கு வரும்போது இரண்டு இலை விட்டிருக்கும். அனுமதி இல்லையென்றால் ஓவசியரை அனுப்பாமல் தாங்களே வந்து பிடுங்க வேண்டும். அந்த வெள்ளைக்காரத் துரை நின்றதுபோல் முதலில் கொஞ்ச நேரம் அங்கே நின்று பாருங்கள். நானும் பக்கத்தில் நிற்பேன்.

கொட்டாஞ்சேனை,
15.10.1974

தங்கள் நீதியை நம்பியிருக்கும்,
கொன்ஸ்ரன்ஸ் சவுந்தரநாயகம்
(பயனியர் படைவீரர், கீரைத்தோட்டம் சூ. சவுந்தரநாயகத்தின் மனைவி)