கரை வெட்டிய மான் துணி

மாதா துணை
திண்டிவனம், 1938 ஆவணி 6

சைகோனில் இருக்கும் மகன் சவுரிராயனுக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் உன் வீட்டாளும் பேரனும் அப்படியே இருக்க ஜெபமாலை சொல்கிறேன். இதை ஆள் வைத்து எழுதவில்லை, எழுத்துக் கூட்டி நானே எழுதுகிறேன், வேறு காதுக்குப் போகக்கூடாது.

உன் தங்கை லூர்துமேரிக்கு நீ பார்த்த மாப்பிள்ளை மாசிலாமணி வந்து சேர்ந்தான். அவன் அம்மா குப்பம்மாள் என் கல்யாணத்தில் சோறு குழைந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னவள், முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது, அதை விடு. அவன் கொண்டுவந்தது மான் படம் நெய்த சுவர்த்துணி. இருநூறு வருஷத்துப் பழசு, பிரான்சில் கையால் நெய்தது என்றான். மில் துணியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் பதினோரு வருஷம் இந்த மாதிரித் துணிக்குத் தூசி தட்டியவள் நான். நெய்கிறவன் பின்பக்கம் உட்கார்ந்துதான் நெய்வான், அதனால் பின்னாலும் அதே படம் தெரியும், வருஷம் முழுக்க நெய்தாலும் ஒரு பாய் அளவு தேறாது, கீழ்க்கரையில் துணிக்கு உடைமைக்காரர் வீட்டு முத்திரையையும் நெய்வான் என்று மதாம் சொல்லியிருக்கிறாள். அதனால் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் தைத்திருந்த உள்துணியைப் பிரித்தேன். பின்பக்கமும் அதே மான், வெயில் படாத சிவப்பு, மிளகாய்ப்பழம் மாதிரி. அசல்தான். ஆனால் மூன்று பக்கம் இலைக்கரை இருக்கிறது, கீழ்க்கரை இல்லை. கத்தரிக்கோலால் வெட்டிப் புது நூலால் மடித்துத் தைத்திருக்கிறது. கேட்டதற்கு, கடைக்காரனே வெட்டித்தான் குடுத்தான் அத்தே என்றான். சாயங்காலம் மறுபடி கேட்டேன், பூச்சி அரிச்சிக்கினு இருந்துச்சுங்க, நான்தான் வெட்டினேன் என்கிறான். பூச்சி அளவுகோல் வைத்தா தின்றது? அங்கே அவன் ஒரு துரை பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவன் என்று நீதானே எழுதினாய்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இன்னாருக்கு இன்னார் என்று கல்யாணத்தை அறிவிக்கிற முதல் ஓலை வாசிக்க இருந்தது. சாமியாரிடம் மூட்டுவலி என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். லூர்துமேரிக்கு இருபத்தாறு வயது, அவனைப் பிடித்தும்விட்டது. உனக்குத் துணியோட முதுகுதான் தெரியும், மனுசன் மூஞ்சி தெரியாது, நீ இருக்கிற வரிக்கும் எனக்குத் தாலி ஏறாது என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளாகக் கேப்பைக் கூழ்கூடத் தொடவில்லை. இந்தத் துணியைக் கடையில் என் கண் முன்னால் வாங்கினான் என்று நீ எழுதிய காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. அது நீ பார்த்ததா, அவன் எழுதச் சொன்னதா? மாதா மேல் ஆணையாக எழுது. கடை உண்டு என்றால் நானே அவனிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி ஓலை வாசிக்க வைக்கிறேன். துரை வீட்டுச் சுவர் என்றால் துணியும் திரும்பிப் போகும், அவனும் போவான்.

பேரனுக்கு நெற்றியில் என் பேரால் சிலுவை போடு. மாதா உங்களைக் கைவிடமாட்டாள். பதிலை என் பெயருக்கே தபாலில் போடு. பொய்தான் எழுதுவாய் என்றால் எழுதாமலே இரு, நான் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா வெள்ளையம்மாள்